செவ்வாய்க்கிழமை வகுப்பு

கவாசாகி, ஜப்பான்
நவம்பர் 2025

அன்புள்ள மாரி,

ஆறு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதை ஊருக்கு வரும்போது மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு நீதான் கூடவே இருந்தாயாம், தங்கச்சி சொன்னாள். நன்றி என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

இப்போது எழுத வைத்தது ஒரு வாத்தியாரம்மா. எங்கள் பகுதிச் சமூகக்கூடத்தில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரலாற்று வகுப்பு நடக்கிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் எழுபது தாண்டியவர்கள். நடத்துகிற அம்மாவுக்கு எண்பத்திரண்டு. போன வாரம் போர்டில் ‘கென்ரி’ என்று இரண்டே ஜப்பானிய எழுத்தைப் பெரிதாக எழுதினார். உரிமை என்று பொருள். முதல் எழுத்துக்கு அதிகாரம், இரண்டாவதற்கு லாபம். அந்த லாபத்தின் மேல் சாக்பீஸால் தட்டிக்கொண்டே நின்றார். ஃபுகுசாவா யுகிச்சி என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் அந்த இடத்தில் நியாயம் என்று பொருள்படும் வேறொரு எழுத்தைப் போட்டு எழுதியிருக்கிறார். அதற்கும் உச்சரிப்பு ‘ரி’தான். ஆனால் ஊரில் நிலைத்தது லாபம்.

அங்கிருந்து 1873-க்குப் போனார். மேல்நாடுகளைப் பார்த்துவர ஜப்பான் அரசு அனுப்பிய இவாகுரா தூதுக்குழு பெர்லினில் ஜெர்மன் பிரதமர் பிஸ்மார்க் வீட்டு விருந்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆதாயம் இருக்கும்வரைதான் பெரிய நாடுகள் சர்வதேசச் சட்டம் பேசும், இல்லையென்றால் படையைக் காட்டும் என்று அந்த மனுஷன் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டார். அப்புறம் 1919, பாரிஸ் சமாதான மாநாடு. இன சமத்துவத்தை, அப்போது உருவாகிக்கொண்டிருந்த ‘லீக் ஆஃப் நேஷன்ஸ்’ என்ற உலக சங்கத்தின் சாசனத்தில் சேர்க்கச் சொல்லி ஜப்பான் கேட்டது. 17 ஓட்டில் 11 ஆதரவு. ஒருமனதாக இல்லை என்று தலைமையில் இருந்த அமெரிக்க ஜனாதிபதி வில்சன் தள்ளிவிட்டார்.

இனி ஐரோப்பாவைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ, “அதே வசந்தத்தில் கொரியாவில் விடுதலை கேட்டவர்களை நாங்கள் சுட்டுக்கொண்டிருந்தோம்” என்றார். கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. என் பக்கத்துப் பெரியவர் கையில் எடுத்த டீக் கோப்பையைக் குடிக்காமலேயே கீழே வைத்தார்.

மாரி, இதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இன்றைக்கு ஹேக் நகரில் இரண்டு உலக நீதிமன்றங்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் தலைமை ஜப்பானியர்கள். சர்வதேச நீதிமன்றத்துக்கு இவாசாவா யூஜி, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அகானே டொமோகோ. புதினுக்கு வாரண்ட் போட்டதற்காக அந்த அம்மாவை ரஷ்யா தேடப்படுவோர் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்தக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அதிகப் பணம் கட்டுகிற நாடும் ஜப்பான்தான். பிஸ்மார்க்கிடம் பாடம் கேட்ட நாடு, ஐரோப்பா பேசிய சட்டத்தை ஐரோப்பாவுக்கே போய்க் காத்து நிற்கிறது! எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஆனால் இந்த பிப்ரவரியில் டிரம்ப் அந்தக் குற்றவியல் நீதிமன்றத்தின் மேல் தடை விதிக்க உத்தரவு போட்டபோது, 79 நாடுகள் சேர்ந்து நீதிமன்றத்துக்கு ஆதரவாக அறிக்கை விட்டன. பிரான்ஸ் உண்டு, ஜெர்மனி உண்டு. ஜப்பான் இல்லை. “எங்கள் வீட்டுப் பெண் அங்கே நிற்கிறாள், நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம்” என்றபோது அவர் குரல் உடைந்துவிட்டது.

ஜப்பானின் பயம் புரிகிறது. சீனா, ரஷ்யா, வடகொரியா என்று அணுகுண்டு வைத்திருக்கும் மூன்று அண்டை நாடுகள். காவலுக்கு அமெரிக்காவை விட்டால் ஆளில்லை. இன்றைய உக்ரைன் நாளைய கிழக்காசியா ஆகலாம் என்று 2022-இல் அப்போதைய பிரதமர் கிஷிதா சொன்னதும் இந்தப் பயத்தில்தான். இருந்தாலும் வாத்தியாரம்மா பக்கம்தான் நான். சட்டம் தேவைப்படுகிறவனே சட்டத்துக்காக வாய் திறக்காவிட்டால் வேறு எவன் திறப்பான்?

வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும்போது என்னிடம் கேட்டார்: “உங்கள் இந்தியா அந்தக் குற்றவியல் நீதிமன்றத்தில் சேரவே இல்லையே, ஏன்?” எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த செவ்வாய் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்துவிட்டேன். நீதானடா வக்கீல். கோர்ட் வேலையெல்லாம் இருக்கும், தெரியும். ஆனாலும் திங்களுக்குள் விளக்கமாக எழுது.

அன்புடன்,
குமார்