ஆறு பேருக்கு ஆறு கப்பல்

தூத்துக்குடி,
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடி ஏறி வற்றல் காயப்போடுகிற அளவுக்கு.

போனில் நீ கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சியோல் போர் நினைவகத்தில் 357 என்ற தென்கொரிய ரோந்துப் படகின் மாதிரியைப் பார்த்தாய். அதன் கேப்டன் பெயரில் இப்போது ஒரு போர்க்கப்பல் ஓடுகிறது என்று உன் தோழி சொல்லியிருக்கிறாள். "செத்துப்போனவர் பேரைக் கப்பலுக்கு வைச்சா அவர் வீட்டுக்கு என்னப்பா கிடைக்கும்?" என்றாய். நியாயமான கேள்வி பாப்பா. ஆனால் என்னால் அதைச் சடங்கு என்று தள்ள முடியவில்லை.

நடந்ததை நீ அங்கே படித்திருப்பாய். 2002 ஜூன் 29. உலகக் கோப்பைக் கால்பந்து நடந்துகொண்டிருந்த நேரம், அன்று தென்கொரியாவுக்கும் துருக்கிக்கும் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். காலையில் யோன்பியோங் தீவுப் பக்கம் எல்லை தாண்டி வந்த வடகொரியப் படகுகளைத் திருப்பி அனுப்பப் போனது 357. முதலில் சுடக்கூடாது, குறுக்கே போய்ப் படகாலேயே மறிக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அப்படிப் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு நெருங்கியபோதுதான் எதிரிப் படகின் 85 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு சுக்கான் அறையில் விழுந்தது. கேப்டன் யூன் யோங்-ஹா அங்கேயே உயிர் விட்டார். இருபது மில்லிமீட்டர் துப்பாக்கிகளில் இருந்த ஜோ சோன்-ஹ்யோங்கும் ஹ்வாங் டோ-ஹ்யுனும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மெஷின்கன் பிடித்திருந்த சோ ஹு-வோனும் இறந்தார். சுக்கான் பிடித்த ஹான் சாங்-குக்கை முதலில் காணவில்லை என்றார்கள். கட்டி இழுத்து வரும்போது படகு மூழ்கிவிட்டது, 41 நாள் கழித்துத்தான் அவர் உடல் கிடைத்தது, சுக்கான் அறையிலேயே. கட்டாய ராணுவ சேவைக்கு வந்த பையன் பாக் டோங்-ஹ்யுக், மருத்துவ உதவியாளர். அடிபட்டவர்களைத் தேடி மேல்தளத்தில் ஓடியவர். உடம்பெல்லாம் குண்டுச் சிதறல்களோடு செப்டம்பர் வரை ஆஸ்பத்திரியில் போராடிப் பார்த்தார்.

இந்த ஆறு பேர் பெயரும் இன்று ஆறு கப்பல்களில் இருக்கிறது. உன் தோழி கேப்டன் பெயரை மட்டும்தான் சொன்னாள் போலிருக்கிறது. முதல் கப்பல் யூன் யோங்-ஹா. 2007-ல் தண்ணீரில் இறக்கி, 2008 டிசம்பரில் கடற்படையில் சேர்த்தார்கள். அதற்கடுத்த ஐந்தும் மற்ற ஐந்து பேருக்கு. எண்கள் 711, 712, 713, 715, 716, 717. (நாலு அவர்களுக்கு ஆகாத எண்ணாம், அதனால் 714 கிடையாது.) அதிகாரிக்கு வைத்த அதே ரகக் கப்பல்தான் கட்டாய சேவைக்கு வந்த பையனுக்கும். அதே நீளம், அதே பீரங்கி. கப்பல் வாழ்க்கை தெரிந்தவனுக்குத்தான் இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். சாப்பாட்டு மேஜை வேறு, படுக்கிற கேபின் வேறு, ஏறுகிற படிக்கட்டுகூட வேறு என்று காலமெல்லாம் இருந்துவிட்டு வந்தவன் நான்.

நம் ஷிப்பிங் கார்ப்பரேஷனில் ஒரு காலத்தில் பரம் வீர் சக்ரா பெற்ற 15 பேர் பெயரில் 15 எண்ணெய்க் கப்பல்கள் இருந்தன. அதில் ஒன்றில் நான் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தேன், நீ பிறப்பதற்கு முன்னால். பெயர் 'லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா பி.வி.சி.' அவ்வளவும் சேர்த்துத்தான் பெயர். ராஞ்சிப் பக்கத்து ஆதிவாசிக் குடும்பத்துப் பையன், 1971 போரில் கங்காசாகர் என்ற இடத்தில் மெஷின்கன் மேட்டைப் பிடித்துவிட்டு இறந்தவர். லான்ஸ் நாயக் என்றால் ராணுவத்தில் கீழ்ப்படியில் இருக்கிற பதவி. அந்தச் சின்னப் பதவியைக் கப்பல் பெயரிலிருந்து யாரும் வெட்டவில்லை. வளைகுடாத் துறைமுகங்களில் வி.எச்.எஃப். ரேடியோவில் கூப்பிடும்போது எதிர்ப்பக்கம் திணறுவார்கள், திரும்பச் சொல்லச் சொல்வார்கள். எங்கள் மூன்றாம் அதிகாரி ஒரு எழுத்தைக் குறைக்காமல் மறுபடியும் முழுப் பெயரையும் சொல்வார். துறைமேடையில் எண்ணெய்க் குழாய் மாட்ட வருகிற ஆள், "யார் இந்த ஆல்பர்ட்?" என்று கேட்பான். அப்படிக் கேட்டவர்களுக்குச் சொல்லிச் சொல்லித்தான் எனக்கே அந்த மனிதரின் கதை மனப்பாடம் ஆயிற்று. அந்தக் கப்பல்களெல்லாம் வயதாகி எப்போதோ உடைக்கப்பட்டுவிட்டன. அந்தமானில் 21 தீவுகளுக்கு 2023-ல் அதே மாதிரி பெயர் வைத்தார்கள், நம் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயரும் அதில் உண்டு. சந்தோஷம்தான். இருந்தாலும் கப்பலுக்கு வைப்பதுதான் எனக்கு ஒருபடி மேல். உள்ளே மனிதர்கள் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், லாக் புக்கில் நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுதுகிறார்கள். ஆள் பெயர் வாயிலும் கையிலும் புழங்கிக்கொண்டே இருக்கும்.

வீட்டுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். முதல் சில வருஷம் பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சண்டைக்கு மறுநாள் தென்கொரிய ஜனாதிபதி ஜப்பானில் நடந்த இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டார், அடக்கத்துக்கு வரவில்லை. சுக்கான் பிடித்தவரின் மனைவி மனம் வெறுத்து 2005-ல் அமெரிக்காவுக்கே போனவர், 2008-ல்தான் திரும்பினார். அந்த வருஷம்தான் வெறும் மோதல் என்று சொல்லிவந்ததை இரண்டாவது யோன்பியோங் கடற்போர் என்று மாற்றினார்கள். போரில் இறந்தவர்கள் என்று ஏற்றுக்கொண்டு முழு இழப்பீடு தரச் சட்டம் வர இன்னும் பத்து வருஷம் ஆனது. கப்பலில் பெயர் இருந்தும் ரிஜிஸ்டரில் வெறும் பணிக்கால மரணம் என்று இருந்திருக்கிறது. அந்த மனைவிக்கு எப்படி வலித்திருக்கும்! பெயர் வைத்ததோடு கடன் தீர்ந்தது என்று எந்த அரசாங்கமும் நினைத்தால் அது தப்பு, அதில் நீ சொல்வதோடு எனக்கு முழு உடன்பாடு.

ஆனால் அந்தக் கப்பலையும் கொஞ்சம் பார். 357 போன்ற படகு 37 மீட்டர் நீளம்தான். புதியது 63 மீட்டர். முன்னால் 76 மில்லிமீட்டர் பீரங்கி, பின்னால் இரட்டைக் குழல் 40 மில்லிமீட்டர், கப்பலைத் தாக்கும் ஏவுகணைகள். துப்பாக்கியை உள்ளே உட்கார்ந்தே இயக்கலாம், ஜோவும் ஹ்வாங்கும் போல வெளியே உட்கார வேண்டியதில்லை. படகால் போய் மறிக்கிற விதியையும் எடுத்துவிட்டார்கள். எதனால் அந்த ஆறு பேர் இறந்தார்களோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்திவிட்டு அதன்மேல் பெயரை எழுதியிருக்கிறார்கள். பழைய குறையோடு ஒரு கப்பலைக் கட்டி அதற்கு அவர் பெயரை வைத்திருந்தால், நீ கேட்ட கேள்வியை நானே கேட்டிருப்பேன்.

இன்ஜின் விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. அந்தக் கடலில் மீன்வலை ஏராளம், புரொபெல்லர் என்றால் வலை சுற்றிக்கொள்ளும். அதனால் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சித் தள்ளுகிற வாட்டர்ஜெட் வைத்தார்கள். டீசல் இரண்டு, வேகத்துக்கு கேஸ் டர்பைன் இரண்டு. இரண்டாவது கப்பல், ஹான் சாங்-குக், சோதனை ஓட்டத்தில் வேகம் கூட்டினால் நேராக ஓடாமல் இழுத்துக்கொண்டு போனது. சுக்கானை விடாமல் பிடித்தபடி இறந்தவரின் பெயரை வைத்த கப்பல் பாப்பா! தாமதம் ஆனாலும் சரிசெய்துதான் கடற்படையிடம் கொடுத்தார்கள். யார் பெயர் அது என்று தெரிந்து வேலை பார்த்த ஃபிட்டர்களுக்கு அந்த மாதங்களில் தூக்கம் வந்திருக்குமா?

இன்னொன்று. ஜோ சோன்-ஹ்யோங் இறந்தபோது அவருக்கு ஒரு கைக்குழந்தை. அந்தப் பெண் நீ இருக்கிற புசானிலேயே படித்து, 2025-ல் கடற்படை அதிகாரியாகச் சேர்ந்துவிட்டாள். அப்பா முகம் ஞாபகமே இல்லாத பிள்ளை. அப்பா பெயரில் 713 என்ற கப்பல் ஓடுகிறது, ஒருநாள் அதன் தளத்தில் ஏறி நிற்கவும் கூடும். வீட்டுக்கு என்ன கிடைத்தது என்று அவளிடம் கேட்டால்தான் சரியான பதில் வரும். அவளுக்கும் உனக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இருக்காது, அதனாலோ என்னவோ அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது.

நிஜமான 357 பியோங்டேக்கில் கடற்படைத் தளத்தில் இருக்கிறது. வெளிநாட்டவரை விடுவார்களா என்று உன் தோழியிடம் விசாரித்துக்கொள். விட்டால் அவசரப்படாமல் பார்த்துவிட்டு வா. அப்புறம் உன் லேபில் வாட்டர்ஜெட் தெரிந்தவர் யாராவது இருந்தால், வேகத்தில் ஒரு பக்கம் இழுப்பது தண்ணீரை உள்வாங்கும் வாயின் அமைப்பாலா, பீய்ச்சுகிற தண்ணீரைப் பின்னால் திருப்பிவிடுகிற பக்கெட்டாலா என்று கேட்டு எழுது. எனக்கு முதலாவது மேல்தான் சந்தேகம்.

அம்மா அனுப்பிய பார்சலில் பருப்புப்பொடி டப்பா மூடி கொஞ்சம் லூஸ், பார்த்துத் திற. மஸ்கோத் அல்வா தனியாக வைத்திருக்கிறது, தோழிக்கும் கொடு.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா