ஞாயிறு ஓட்டத் திருவிழா: உறுப்பினர்கள் கவனத்திற்கு

நண்பர்களே, வணக்கம். 5 கி.மீ., 10 கி.மீ. இரண்டுக்கும் நேர வரம்பு கிடையாது. நடந்தே முடிப்பவருக்கும் அதே பதக்கம்தான்.

சக்கர நாற்காலியில் வருபவர்கள் சில நிமிடங்கள் முன்னதாகப் புறப்படுவார்கள். இறக்கத்தில் அவர்களுடைய வேகம் ஓடுபவர்களை மிஞ்சிவிடும்; கூட்டத்துக்குள் பிரேக் பிடிப்பது இரு தரப்புக்கும் ஆபத்து. 1975-இலேயே பாஸ்டன் மாரத்தானில் பாப் ஹால் சக்கர நாற்காலியில் அதிகாரபூர்வமாகப் பங்கேற்று முடித்துவிட்டார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு சிறு படிக்கட்டு யாரையும் மறிக்கக் கூடாது. பாதையில் எங்காவது அப்படி இருந்தால் உடனே சொல்லுங்கள், சாய்வுப் பலகை போட்டுவிடுவோம்.

பார்வையற்றவர்களுக்கு வழித்துணையாக ஓட இன்னும் ஆட்கள் தேவை. சிறு கயிற்றின் இரு முனைகளையும் இருவரும் பிடித்துக்கொண்டு, கைவீச்சு ஒத்துப்போகும்படி ஓட வேண்டும். இழுக்கக் கூடாது. "பத்தடியில் வேகத்தடை", "இடப்பக்கம் வளைவு" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். முடிவுக்கோட்டைப் பார்வையற்றவரே முதலில் கடக்க வேண்டும். நேற்று நானும் கண்ணைக் கட்டிக்கொண்டு நூறு மீட்டர் ஓடிப் பார்த்தேன். பக்கத்தில் ஒலித்த குரல் ஒரு நொடி நின்றதும் என் கால்களும் நின்றுவிட்டன. ஆகவே பேச்சை நிறுத்தாதீர்கள்.

கடைசியாக வருபவருடன் நம்மில் இருவர் நடந்து வருவார்கள். அவர் வந்து சேரும்வரை தண்ணீர் மேசையை மடக்க வேண்டாம், கைதட்டவும் ஆள் இருக்கட்டும். வழித்துணைக்கு வருபவர்கள் இன்றிரவுக்குள் இங்கே பெயர் கொடுங்கள்.