படிக்கிற அம்மா அப்பாக்களுக்காக ஒரு காப்பக நிதி: உங்கள் பங்கு வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். கைக்குழந்தையையோ பள்ளி வயது வராத பிள்ளையையோ வைத்துக்கொண்டு கல்லூரியில் படிக்கிறவர்களுக்குக் குழந்தைக் காப்பகக் கட்டணத்தில் உதவ ஒரு பொது நிதி தொடங்கியிருக்கிறோம், அதற்குப் பணம் வேண்டும். எதற்கு, யாருக்கு, எப்படிப் போகும் என்று கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

படிப்புக்கு உதவி என்றதும் எல்லோருக்கும் கல்விக் கட்டணம்தான் நினைவுக்கு வரும். அதற்கு ஸ்காலர்ஷிப் இருக்கிறது, கடன் இருக்கிறது, கேட்டால் கொடுக்கிற உறவுக்காரர்கூட ஒருவர் இருப்பார். பிள்ளை வைத்திருப்பவருக்குச் சிக்கல் வேறு இடத்தில். லேப் இருக்கிற நாளில் காலையிலிருந்து மாலை வரை குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? காப்பகத்தில் விடலாம், சரி, ஆனால் அதற்கு மாதாமாதம் யார் கட்டுவது? வேலைக்குப் போகிறவர் அதை இந்த மாதச் சம்பளத்தில் கட்டிவிடுகிறார், படிக்கிறவரோ இனிமேல் வரப்போகிற சம்பளத்தை நம்பி இன்றைக்கே கட்ட வேண்டியிருக்கிறது.

அரசாங்கங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். இங்கிலாந்தில் முழுநேர உயர்கல்வி படிக்கும் பெற்றோருக்குக் குழந்தைப் பராமரிப்பு மானியம் உண்டு. வருமானத்தைப் பொறுத்துச் செலவில் 85% வரை கிடைக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனால் பகுதிநேரமாகப் படிப்பவருக்குக் கிடையாது, முதுகலைக் கடன் வாங்கியவருக்கும் கிடையாது, பார்த்துக்கொள்பவர் பதிவு பெற்றவராகவும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1998-ல் வந்த ஒரு திட்டம் வருமானம் குறைந்த மாணவப் பெற்றோரின் பிள்ளைகளுக்காகப் பணம் ஒதுக்குகிறது, ஆனால் அது கல்லூரிக்குத்தான் போகும். கல்லூரி விண்ணப்பித்து வாங்கியிருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இந்தியாவில் 2017-ல் மகப்பேறுச் சட்டத்தைத் திருத்தி, 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் காப்பக வசதி கட்டாயம் என்றார்கள். நல்ல சட்டம்தான், ஆனால் மாணவி ஊழியர் கணக்கில் வருவதில்லையே. முனைவர் பட்டம் படிக்கும் பெண்களுக்கு 240 நாள் விடுப்பு எடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி சொல்கிறது. பிரசவத்தோடு அதை எடுத்தால், விடுப்பு முடிந்து திரும்பி வருகிற அன்று குழந்தைக்கு ஒரு வயதுகூட ஆகியிருக்காது, அதற்கு அப்புறம் என்ன செய்வது என்பதற்கு அந்த விடுப்பில் பதில் இல்லை.

ஆக, திட்டம் இருக்கிற இடத்திலும் ஓட்டைகள் இருக்கின்றன, அந்த ஓட்டைகளை அடைக்கத்தான் இந்த நிதி. எங்கள் கண்ணில் அதிகம் படுகிறவை மூன்று. முதலாவது, சேரும்போதே கேட்கிற முன்பணம். உதவித்தொகை வருவது வகுப்பு தொடங்கிய பிறகு, காப்பகம் பணம் கேட்பது அதற்கு முன்னால், அந்த இடைவெளியிலேயே இடம் இன்னொருவருக்குப் போய்விடுகிறது. அடுத்தது, முதலில் கட்டிவிட்டு ரசீதைக் கொடுத்து அப்புறம் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. கையில் இருப்பவருக்கு அது நல்ல ஏற்பாடு, கையில் இருந்தால் அவர் ஏன் விண்ணப்பிக்கப் போகிறார்? கடைசியாக, வகுப்பு நேரத்துக்கு மட்டும் கணக்குப் போடுவது. தேர்வுக்கு முந்தின வாரங்களில் வகுப்பே இருக்காது, பெற்றோருக்கு மிக அதிகமாக நேரம் தேவைப்படுவதோ அப்போதுதான். ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு வருஷம் முழுவதுமே அந்த வாரங்கள்தான்!

பணம் எப்படிப் போகும் என்று சொல்லிவிடுகிறோம். மாணவரும் காப்பகமும் ஒத்துக்கொண்ட கட்டணத்தை நாங்கள் நேராகக் காப்பகத்துக்கே, மாதம் பிறக்கும் முன் கட்டிவிடுவோம். ஒரு குழந்தையைச் சேர்த்துக்கொண்டால் அந்தப் படிப்புப் பருவம் (செமஸ்டர்) முடியும்வரைக்குமான தொகை எங்கள் கையில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் சேர்த்துக்கொள்ள மாட்டோம். பாதியில் கையை விரிப்பதைவிடத் தொடக்கத்திலேயே முடியாது என்று சொல்வது மேல் என்பது குழுவில் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. அம்மாவா அப்பாவா, தனியாக வளர்ப்பவரா என்று பார்த்து ஒதுக்குவதில்லை, பகுதிநேரப் படிப்பும் தொலைதூரப் படிப்பும் எங்களுக்குப் படிப்புதான். மதிப்பெண்ணும் கேட்க மாட்டோம், படிப்பில் தொடர்ந்து இருக்கிறார் என்பதற்குக் கல்லூரிச் சான்று ஒன்று போதும்.

விண்ணப்பம் வந்ததும் முதலில் செய்வது, அவருக்கு அரசிடமோ கல்லூரியிடமோ ஏற்கெனவே என்ன உரிமை இருக்கிறது என்று பார்ப்பது. பலருக்கு அது தெரிவதே இல்லை. அமெரிக்காவில் படிப்பவர், படிப்புச் செலவுக் கணக்கில் குழந்தைப் பராமரிப்பையும் சேர்க்கச் சொல்லிக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் கேட்கலாம், கேட்காவிட்டால் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். இன்னொரு விஷயம், வெளியிலிருந்து வருகிற உதவியைக் காட்டி, கிடைத்துக்கொண்டிருப்பதைக் குறைக்கிற விதிகளும் சில இடங்களில் உண்டு. அதைப் பார்க்காமல் நாம் பணம் கொடுத்தால் ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் பிடுங்கிய மாதிரி ஆகிவிடும்.

தாத்தா பாட்டி பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று சிலர் கேட்டார்கள். முடிகிறவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அவர்கள் எங்களிடம் வருவதில்லை. வருகிறவர்கள் அந்த வழி இல்லாதவர்கள்.

இனி நீங்கள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்தாலும் மகிழ்ச்சிதான், ஆனால் எங்களுக்கு அதிகம் உதவுவது சிறியதாக இருந்தாலும் மாதாமாதம் தவறாமல் வருகிற பணம், ஏனென்றால் காப்பகக் கட்டணம் மாதக் கணக்கில் ஓடுகிறது. தனியாக முடியாவிட்டால் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு குழந்தையின் ஒரு வாரக் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுத்த வேண்டிய நிலை வந்தால் தயங்காமல் நிறுத்தலாம், ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டோம். பணமாக முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள், கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் கைகொடுங்கள், காப்பகம் நடத்துகிறவர்கள் தேர்வு வாரங்களுக்கு மட்டும் ஒரு இடத்தை ஒதுக்கித் தந்தால் அதுவே பெரிய நன்கொடை.

வரவும் செலவும் மாதாமாதம் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் வரும், பெயர்கள் இல்லாமல். குழந்தைகளின் படத்தையோ நன்றிக் கடிதத்தையோ எதிர்பார்க்காதீர்கள், வாங்குகிறவரிடம் அதைக் கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். கணக்கு விவரத்தைக் குழுவில் உங்களுக்கு நேரில் தெரிந்த ஒருவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எங்கள் பெயரைச் சொல்லித் தெரியாத எண்ணிலிருந்து வருகிற எந்த இணைப்புக்கும் பணம் அனுப்ப வேண்டாம். அடுத்த பருவத்துக்கான சேர்க்கை தொடங்கும் முன் முன்பணம் கட்டியாக வேண்டும் என்பதால், கொடுப்பதாக இருந்தால் இந்த மாதத்துக்குள் சொல்லிவிடுங்கள்.