பக்க ஓரத்தில் ஒரு கேள்வி

அன்பு நண்பர்களுக்கு,

பிள்ளையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு அமெரிக்க ராணுவப் பணிக்காகக் குவைத்துக்குப் போகும் ஒரு தாயைப் பற்றிய நம் நாவல் நேற்று இரவு அச்சுக்குப் போய்விட்டது. நடுவில் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், மறுபடி கிளற வேண்டாம். இரவோடு இரவாகத் தட்டச்சு செய்தவர்கள், மெய்ப்புப் பார்த்தவர்கள், அச்சுக்கூலியைப் பகிர்ந்துகொண்டவர்கள், மேற்குக் கென்டக்கி முகாமுக்கும் குவைத்துக்கும் உள்ள நேரக் கணக்கைத் திருத்தியவர் என எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு. (கோடையில் 8 மணி, குளிர்காலத்தில் 9 மணி வித்தியாசம். குவைத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. கோடையில் பிள்ளை இரவு 8 மணிக்குப் படுக்கப் போகும்போது பேச வேண்டுமென்றால் குவைத்தில் இருக்கும் தாய் விடிகாலை 4 மணிக்கு எழுந்தாக வேண்டும்.)

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. அமெரிக்க ராணுவத்தில் இருந்த மகள் வெளிநாட்டுப் பணிக்குப் போனபோது பேத்தியைத் தன்னோடு வைத்து வளர்த்த அம்மா அவர். யாரும் கேட்காமலே பிரதியை வாங்கிப் படித்தார். ஏழாம் அத்தியாயத்தில், "காய்ச்சலில் அனத்திய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்" என்று ஒரு வரி. அதன் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தார்: "எந்தக் காகிதத்தைக் காட்டி?"

இந்த மூன்று சொல்தான் நாவலை நிமிர்த்தியது.

கூடவே நாலு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். பிள்ளையைத் தனியாக வளர்க்கும் சிப்பாய் 'ஃபேமிலி கேர் பிளான்', அதாவது தான் இல்லாதபோது பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்று எழுதிக்கொடுக்கும் ஏற்பாடு, இல்லாமல் பணிக்குக் கிளம்ப முடியாது. படிவம் 5305. கமாண்டர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பாதுகாவலரின் சம்மதம் 5840-ல், நோட்டரி முன்னிலையில். தாய்க்குப் பதிலாக முடிவெடுக்கப் பாதுகாவலருக்கு அதிகாரம் தரும் பத்திரமான பவர் ஆஃப் அட்டர்னி 5841. பாதுகாவலர் ஒருவர் போதாது: திடீரென்று அழைப்பு வந்தால் அன்றைக்கே பிள்ளையை வாங்கிக்கொள்ள முகாமுக்குப் பக்கத்திலேயே ஒருவர், மாதக்கணக்கில் வைத்துக்கொள்ள ஒருவர். நம் கதைப் பாட்டி இருந்ததோ வேறு மாநிலத்தில். அவள் வந்து சேரும்வரை பிள்ளை யார் வீட்டில் தூங்கியது? நாங்கள் யோசிக்கவே இல்லை. நீங்கள் படிக்கப்போகும் பக்கத்து வீட்டுக்காரி அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவள்.

எங்கே இடிக்கும் என்பதையும் எழுதியிருந்தார். பவரில் முடிவுத் தேதி போட்டிருப்பார்கள். 9 மாதம் என்று கிளம்பிய பணி நீண்டால் தாய் திரும்புவதற்குள் அது காலாவதியாகிவிடும். அதனால் எதிர்பார்க்கும் காலத்துக்கு மேல் சில மாதம் கூட்டியே போட வேண்டும். மருத்துவச் சிகிச்சைக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் அதிகாரம் உண்டென்று பேர் சொல்லி எழுத வேண்டும். பொதுவாக 'எல்லா அதிகாரமும்' என்று எழுதிய பவரை வரவேற்பு மேசையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஜெராக்ஸை ஏற்காத இடமும் உண்டு என்பதால் நோட்டரி முத்திரையோடு மூலப்பிரதியே இரண்டு மூன்று வேண்டும். 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வழக்கமாக ராணுவ அடையாள அட்டை தருவதில்லை. தனியாக வளர்க்கும் தாயின் பிள்ளைக்கு வாங்க முடியும். அதைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.

அவர் இன்னொரு பெரிய ஓட்டையையும் அடைத்தார். பழைய பிரதியில் பாட்டி முகாமுக்கே போன் போடுவாள், மகள் அடுத்த விமானத்தில் வந்து இறங்குவாள். நடப்பு அப்படி இல்லை. குடும்பத்தார் செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும். மகளின் முழுப்பெயர், பதவி, பிறந்த தேதி, படைப்பிரிவு எல்லாம் கையில் இருக்க வேண்டும். சங்கத்தார் ஆஸ்பத்திரியில் விசாரித்து உறுதி செய்துகொண்டு கமாண்டருக்குச் செய்தி அனுப்புவார்கள். விடுப்புத் தருவதும் மறுப்பதும் கமாண்டர் கையில். பாட்டி போனைப் பிடித்துக்கொண்டு படைப்பிரிவின் பெயரைத் தேடும் காட்சி இப்போது மூன்று பக்கம் ஓடுகிறது. நாவலில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

பிள்ளையின் தகப்பன் விஷயத்தையும் அவர் விடவில்லை. ஃபேமிலி கேர் பிளான் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. தகப்பன் பிள்ளையைக் கேட்டு வழக்குப் போட்டால், பணியில் இருப்பதால் வர முடியவில்லை, இன்ன தேதியில் வர முடியும் என்று தாய் எழுதி, விடுப்பு இல்லை என்ற கமாண்டர் கடிதத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் வழக்கைக் குறைந்தது 90 நாள் நிறுத்திவைக்கச் சட்டம் இடம் தருகிறது. பழைய பிரதியில் தாய் பாலைவனத்தில் அழுதாள். இப்போது அழுதபடியே கமாண்டரின் அறைவாசலில் அந்தக் கடிதத்துக்காகக் காத்து நிற்கிறாள்.

துப்பாக்கியின் பெயர் தப்பாக இருந்தால் பத்துப் பேர் சுட்டிக்காட்டுவார்கள். பாட்டியின் பையில் காகிதம் இல்லாததைக் கவனித்தவர் இவர் ஒருவர்தான். இனி ராணுவக் கதை எது எழுதினாலும், வீட்டில் இருப்பவர் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று தெரியாமல் யாரையும் விமானம் ஏற்றமாட்டோம். இது அவருக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு.

அம்மா, அச்சகத்திலிருந்து வரும் முதல் பிரதி உங்கள் வீட்டுக்குத்தான். ஏழாம் அத்தியாயத்தைப் பேத்தியிடமும் படிக்கக் கொடுங்கள்.