கதை வாசிக்கும் பாட்காஸ்ட் தொடங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். தமிழ்ச் சிறுகதைகளையும் நாவல்களையும் வாசித்து பாட்காஸ்ட்டாக வெளியிடத் தொடங்கியிருப்பவர்களுக்கும், மைக் வாங்கி வைத்துக்கொண்டு முதல் பதிவுக்குக் காத்திருப்பவர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறேன். பார்வை மங்கிய முதியவர்களுக்கும், தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாமல் வளரும் பிள்ளைகளுக்கும் நம் இலக்கியத்தைக் கொண்டுசேர்க்கும் பணி இது. அதை எழுத்தாளரின் ஒப்புதலோடு தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் அப்படித் தொடங்கவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட கதைகளை வாசித்து வெளியிட்டேன். ஒவ்வொன்றின் கீழும் எழுத்தாளர், நூல், பதிப்பகம் ஆகியவற்றின் பெயரைக் குறித்து 'நன்றி' என்று போட்டால் போதும் என்று நம்பியிருந்தேன். விளம்பரமும் இல்லை, வருமானமும் இல்லை, ஆகவே தவறும் இல்லை என்பது என் எண்ணம். ஒருநாள், மறைந்த எழுத்தாளர் ஒருவரின் மகளிடமிருந்து ஆறேழு வரிகளில் ஒரு மின்னஞ்சல் வந்தது. தந்தையின் கதையை யாரைக் கேட்டு வெளியிட்டீர்கள் என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே, கதையின் கடைசிப் பத்தி எங்கே என்றும் கேட்டிருந்தார். பதிவு இருபது நிமிடத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக அந்தப் பத்தியை நான் வாசிக்காமல் விட்டிருந்தேன். தொலைபேசியில் பேசியபோது அவர் கோபப்படவில்லை. "அனுமதி கேட்காததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தக் கடைசிப் பத்தியை அப்பா எத்தனை தடவை அடித்து அடித்து எழுதினார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்" என்றார். அன்றிரவே எல்லாப் பதிவுகளையும் நீக்கிவிட்டு, சட்டத்தைப் படிக்க உட்கார்ந்தேன்.

1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு கதையை அச்சிடும் உரிமையும், மொழிபெயர்க்கும் உரிமையும், ஒலிப்பதிவாக்கும் உரிமையும், அதைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்லும் உரிமையும் எழுத்தாளருக்கே உரியவை. எங்கும் பதிவு செய்யாவிட்டாலும், எழுதிய கணத்திலேயே அவை அவருடையவை ஆகிவிடுகின்றன. நன்றி சொல்வது அனுமதி பெற்றதாக ஆகாது. தெரிந்தே மீறினால் 63-ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இலாப நோக்கம் இல்லாதபோது, தக்க காரணம் இருந்தால் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. ஆனால் அதனால் மீறல் இல்லையென்று ஆகிவிடாது. விமர்சனத்துக்காக மேற்கோள் காட்டுவதை 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. முழுக் கதையையும் வாசித்துவிட்டு இறுதியில் இரண்டு நிமிடம் கருத்துச் சொல்வதை விமர்சனம் என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

ஒலிக்கென்று தனி உரிமை இருப்பது தமிழர்களுக்குப் புதிய செய்தியும் அன்று. பாரதியார் பாடல்களை ஒலிபரப்பும் உரிமை ஒருகாலத்தில் ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. அந்த உரிமையை முன்வைத்து 1940-களில் அவருக்கும் நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்களுக்கும் இடையே வழக்கு மூண்டது. பாரதியின் எழுத்து மக்களுக்குப் பொதுவாக வேண்டும் என்ற குரல் எழுந்து, 1949-இல் சென்னை மாகாண அரசு அந்த உரிமைகளை ஏற்றுக்கொண்டது. நாட்டுடைமை என்று இன்று நாம் சொல்லும் வழக்கத்துக்கு அதுவே தொடக்கம்.

எவற்றைக் கேட்காமல் வாசிக்கலாம்? எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கிறது. 1948-இல் மறைந்த புதுமைப்பித்தனின் கதைகளுக்கு 2008-ஆம் ஆண்டோடு காலம் முடிந்தது. 1982-இல் மறைந்த தி. ஜானகிராமனுக்கு 2042 முடியும்வரையும், 2015-இல் மறைந்த ஜெயகாந்தனுக்கு 2075 முடியும்வரையும் பொதுவிதிப்படி உரிமை உண்டு. காலம் முடியாதிருந்தாலும், தமிழக அரசு குடும்பத்தாருக்குத் தொகை அளித்து நாட்டுடைமையாக்கிய நூல்களைத் தாராளமாக வாசிக்கலாம். அவற்றுள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காணலாம். ஆனால் அந்த நூலுக்குப் பின்னாளில் வேறொருவர் எழுதிய முன்னுரையும் அடிக்குறிப்பும் அட்டை ஓவியமும் அதில் அடங்கா. சங்கப் பாடல் எல்லோருக்கும் சொந்தம் என்றாலும், அதற்கு அண்மையில் எழுதப்பட்ட உரை உரையாசிரியருக்கே சொந்தம். ரஷ்ய எழுத்தாளர் செகாவ் மறைந்து நூறாண்டு கடந்திருக்கலாம். அவர் கதையைத் தமிழில் தந்த மொழிபெயர்ப்பாளரின் உரிமையைத் தனியே பார்க்க வேண்டும். இதில்தான் நம்மில் பலர் சறுக்குகிறோம்.

அனுமதியை யாரிடம் கேட்பது என்பதிலும் குழப்பம் உண்டு. பதிப்பகத்தில் ஒருவர் "தாராளமா வாசிங்க" என்று போனில் சொன்னார் என்பதற்காகப் பதிவைத் தொடங்கிவிடாதீர்கள். அவர்களிடம் அச்சுரிமை மட்டும் இருக்கலாம். ஒலியுரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள்; இல்லையென்றால் எழுத்தாளரிடமோ அவருடைய வாரிசுகளிடமோ செல்லுங்கள். வாரிசுகள் பலர் என்றால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். அந்தத் தாளில் காலத்தைக் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடத்தைக் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் பொருள்கொள்கிறது. நம் பதிவுகளை யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் கேட்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆகவே கதைகளின் பெயர், எத்தனை ஆண்டு, உலகம் முழுவதுமா, யூடியூப், ஸ்பாட்டிஃபை போன்ற எல்லாத் தளங்களிலுமா, பின்னாளில் விளம்பர வருமானம் வந்தால் எழுத்தாளருக்கு எவ்வளவு என்பவற்றைத் தெளிவாக எழுதி வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகாது.

அனுமதி கிடைத்த பிறகும் கதையை நம் விருப்பப்படி வெட்ட முடியாது. தன் படைப்பு சிதைக்கப்பட்டு, அதனால் தன் மதிப்புக்குக் குறைவு வந்தால் தடுக்கும் உரிமையை 57-ஆம் பிரிவு எழுத்தாளருக்குத் தருகிறது. எழுத்துரிமையை முழுவதுமாக விற்றுவிட்டாலும் இந்த உரிமை அவரிடமே இருக்கிறது. அவருக்குப் பின் சட்டப்படியான வாரிசுகள் அதைக் கோரலாம். கேட்போருக்குப் புரியாது என்று வட்டார வழக்கைப் பொதுத் தமிழாக மாற்றுவதை நான் பல பதிவுகளில் கேட்டிருக்கிறேன். கரிசல் மண்ணின் பேச்சை அப்படி மாற்றி வாசிக்கக் கேட்டால், எழுதியவரின் மனம் என்ன பாடுபடும்?

பின்னணி இசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பத்து நொடிக்குள் இருந்தால் சினிமாப் பாட்டைப் போடலாம் என்று பரவலாகச் சொல்கிறார்கள். அப்படி நொடிக் கணக்கு எதுவும் நம் சட்டத்தில் இல்லை. வரிக்கும் மெட்டுக்கும் ஓர் உரிமை, அந்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை என்று ஒரே பாட்டில் பல உரிமைகள் இருக்கின்றன. தெரிந்த இசைக்கலைஞர் ஒருவரிடம் கேட்டு, எழுதி வாங்கி, அரை நிமிட இசையைப் பயன்படுத்துவதே நல்லது.

எழுத்தாளர்களை நேர்காணல் செய்பவர்கள் அவர்களிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். மேடையில் உரையாற்றுபவரையும், பாடகர், நடிகரைப் போல, நிகழ்த்துநராகவே சட்டம் கருதுகிறது. பேச்சினிடையே மூன்றாம் மனிதர் ஒருவரைப் பற்றி அவதூறாக ஏதேனும் வந்தால், சொன்னவரோடு வெளியிட்டவரும் பொறுப்பாவார். 2024 ஜூலை 1 முதல் அவதூறு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் வருகிறது. சொன்னது உண்மை என்பது மட்டும் போதாது, பொதுநலனுக்காகச் சொல்லப்பட்டது என்பதையும் காட்ட வேண்டியிருக்கும். வெளியிடுமுன் ஒருமுறை முழுவதும் கேட்டு, ஐயம் தரும் வரியை நீக்கிவிடுங்கள்.

அந்த மகளுக்கு நான் பிறகு முறையாகக் கடிதம் எழுதினேன். பன்னிரண்டு கதைகளுக்கு, ஐந்து ஆண்டுகளுக்கு, உலகம் முழுவதற்கும் அனுமதி தந்தார். பணம் வேண்டாம் என்றார். ஒரு சொல்லையும் விடக் கூடாது என்பதை மட்டும் தன் கைப்பட மார்ஜினில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். நீக்கிய மற்றக் கதைகளில் பாதிக்கு இன்னும் உரியவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நான் பயன்படுத்தும் ஒரு பக்க அனுமதிப் படிவம் வேண்டுவோர் கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
கதை வாசிக்கும் உங்கள் தோழமை