வீடு மாறும் கிளை அஞ்சலகம்

ஐயா,

பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டது பற்றிய தங்கள் தலையங்கம், கிராமக் கிளை அஞ்சலகங்களின் வரலாற்றையும் தொட்டிருக்கலாம். அந்த வரலாறு கட்டடங்களில் இல்லை. வேறு வருமானம் உள்ள பள்ளி ஆசிரியரோ கடைக்காரரோ சில மணி நேரம் தபால் வேலையும் பார்ப்பதுதான் பழைய ஈ.டி. ('எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல்', அதாவது துறைக்குப் புறம்பான ஊழியர்) முறை. 2001 விதிகளில்தான் அவர்கள் 'கிராமின் டாக் சேவக்' (கிராம அஞ்சல் ஊழியர்) ஆனார்கள். அலுவலகத்துக்கான இடத்தை இன்றும் கிளை போஸ்ட்மாஸ்டரே தர வேண்டும். அதனால் ஆள் மாறினால் அஞ்சலகமே வீடு மாறும். புதியவரிடம் ரொக்கம், அஞ்சல்தலை, பை, முத்திரை ஆகியவை எண்ணி ஒப்படைக்கப்படுகின்றன. பழைய பதிவேடுகளோ பரணில் கிடந்து கரையானுக்குப் போகின்றன. காலக்கெடு முடிந்தவை விதிப்படியே அழிக்கப்படுகின்றன. தினக் கணக்கும் கையடக்க மின்னணுக் கருவிக்கு மாறிவிட்ட நிலையில், ஊரின் பெயரையும் தேதியையும் ஒருசேரத் தாங்கி நிற்பது அந்த வட்ட முத்திரை ஒன்றே. அதுவும் விளிம்பு தேய்ந்தால் முதலில் மங்குவது ஊர்ப்பெயர்தான்.

எனவே, பொறுப்பு மாறும் ஒவ்வொரு முறையும் முத்திரையின் தெளிவான பதிவு, தொடங்கிய ஆண்டு, இயங்கிய வீடுகள், பொறுப்பு வகித்தோர் பெயர்கள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதித் தலைமை அஞ்சலகத்தில் நிரந்தரக் கோப்பாக வைக்க அஞ்சல் துறை ஆணையிட வேண்டும்.

— ஒரு வாசகர்