பள்ளிப் பல் மருந்தகத்து அக்காவுக்கு

சிங்கப்பூர் ஈசூனில் ஒரு தொடக்கப்பள்ளியின் பல் மருந்தகத்தில் வேலை பார்க்கும் அக்கா, உங்கள் பெயரைக் கேட்கத் தோன்றவே இல்லை.

என் மகள் தொடக்கநிலை இரண்டு. நாற்காலியைப் பார்த்ததுமே அழுதிருக்கிறாள். நீங்கள் அதட்டவில்லை. சின்னக் கண்ணாடியை அவள் கையில் கொடுத்து, முதலில் உங்கள் பல்லை எண்ணச் சொன்னீர்களாம். அப்புறம் அவளே வாயைத் திறந்தாளாம்! வீட்டில் பல் தேய்க்கவே நான் கெஞ்சுகிற பிள்ளை.

அன்று மாலை நீங்களே என்னை அழைத்தீர்கள். ஆறு வயதுவாக்கில் முளைக்கும் கடைவாய்ப் பல் விழுந்து முளைப்பதல்ல, நிலைத்த பல் என்று அப்போதுதான் தெரிந்தது. அதன் பள்ளங்களில் உணவு தங்கிச் சொத்தையாகாமல் இருக்கப் பூச்சு போட்டதாகச் சொன்னீர்கள். படுக்கும் முன் மைலோ மாதிரி இனிப்புப் பானம் வேண்டாம், பல் தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும் என்றீர்கள். காசு எவ்வளவு என்று தயங்கிக் கேட்டேன். "பள்ளியில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லைம்மா" என்றீர்கள். துப்புரவு வேலைச் சம்பளத்தில் தனியார் மருந்தகம் எங்களுக்கு எட்டாது.

பையில் நீங்கள் வைத்த பச்சை பிரஷைத் தம்பிக்குக்கூடத் தர மறுக்கிறாள். ரொம்ப நன்றி அக்கா.